புவெனஸ் ஐரிஸ்: கிழமை பார்த்துச் சுற்ற வேண்டிய ஊர்

அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் ஐரிஸில் சான் தெல்மோ என்ற பேட்டைக்கு நான் முதன்முதலில் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. படங்களில் பார்த்த தெருச் சந்தை, சதுக்கத்தில் டாங்கோ ஆடும் ஜோடிகள், பழைய சோடா பாட்டில்களை அடுக்கி வைத்த கடைகள் என்று என்னென்னவோ எதிர்பார்த்துப் போனால் பாதிக் கடை சாத்தியிருந்தது, சதுக்கத்தில் நாலு மேஜையும் கொஞ்சம் புறாக்களும்தான். சரி, லா போகா பேட்டையையாவது பார்ப்போம் என்று இன்னொரு நாள் கிளம்பினால் அன்றைக்குக் கால்பந்து ஆட்டம், பாதித் தெருவில் போலீஸ் தடுப்பு. மலபா மியூசியத்துக்குப் போன நாள் அதன் விடுமுறை நாள். இப்படி மூன்று தடவை அடிபட்ட பிறகுதான் உறைத்தது, இந்த ஊரில் எங்கே போவது என்று யோசிப்பதற்கு முன்னால் என்றைக்குப் போவது என்று யோசிக்க வேண்டும். மொத்தம் 48 பாரியோக்கள், அதாவது பேட்டைகள். முக்கியமானவை ஒவ்வொன்றுக்கும் ஒரு கிழமை இருக்கிறது, சிலவற்றுக்குக் குறிப்பிட்ட நேரம்கூட இருக்கிறது.

அதனால் முதல் வேலை, கையில் இருக்கும் நாட்களில் ஒரு ஞாயிறும் ஒரு வியாழனும் வருகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். ஞாயிறு இரண்டு கிடைத்தால் யோகம். திங்கட்கிழமை பல மியூசியங்களுக்கு விடுமுறை, மலபாவுக்கு மட்டும் செவ்வாய். மாதம் என்று பார்த்தால் மார்ச் முதல் மே வரை நல்லது, செப்டம்பர் முதல் நவம்பர் வரை அதைவிட நல்லது, நவம்பரில் ஜகரந்தா மரங்கள் தெருவெல்லாம் ஊதா நிறத்தில் பூத்துக் கொட்டும். ஜனவரி அங்கே கொளுத்தும் கோடை, ஊர்க்காரர்களே கடற்கரைக்கு ஓடிவிடுவார்கள்.

கிளம்புவதற்கு முன் நாலு விஷயம்

தெரு எண்களைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி ஊர் கைக்குள் வந்துவிடும். ஒரு பிளாக்குக்கு நூறு எண். அதற்குக் குவாத்ரா என்று பெயர், வழி கேட்டால் "மூன்று குவாத்ரா" என்றுதான் சொல்வார்கள், மீட்டர் கணக்கு யாரும் சொல்வதில்லை. ரிவதாவியா என்ற அவெனிதா, அதாவது அகலச் சாலை, ஊரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது, வடக்குத் தெற்காக ஓடும் தெருக்கள் அதைத் தாண்டியதும் பெயர் மாறிவிடும், எண்ணும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். தெற்கே பெரு என்றிருக்கும் தெரு வடக்கே ஃபுளோரிதா, தெற்கே தெஃபென்சா வடக்கே ரெகோன்கிஸ்தா. ஆக, தெஃபென்சா 1100 என்று முகவரி இருந்தால் ரிவதாவியாவிலிருந்து தெற்கே பதினோரு பிளாக். மேப் இல்லாமலே நடக்கலாம்.

அடுத்தது, விலைப் பலகையில் டாலர் குறியைப் பார்த்து மயங்கி விழ வேண்டாம். அது பெசோ. அந்த ஊரில் பெசோவுக்கும் அதே குறிதான், அமெரிக்க டாலர் என்றால் முன்னால் யூ எழுத்து சேர்த்து எழுதியிருப்பார்கள். விலைவாசி அங்கே வேகமாக ஏறும், அதனால் நான் இங்கே எந்த விலையும் எழுதவில்லை, எழுதினால் நீங்கள் போவதற்குள் பொய்யாகிவிடும். பணத்தை மொத்தமாக மாற்றாமல் தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஃபுளோரிதா தெருவில் "காம்பியோ, காம்பியோ" என்று பணம் மாற்றித்தரக் கூவிக்கொண்டு நிற்பவர்களை அர்போலித்தோ என்பார்கள், குட்டி மரம் என்று அர்த்தம், நாள் முழுக்க ஒரே இடத்தில் மரம் மாதிரி நிற்பதால். வேடிக்கை பாருங்கள், பின்னால் போகாதீர்கள்.

சூபே கார்டு ஒன்று வாங்கிவிடுங்கள். சுப்தே என்கிற மெட்ரோ, கொலெக்திவோ என்கிற பஸ், புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே கார்டு. இரண்டு பேர் போனாலும் ஒரே கார்டை இரண்டு தடவை காட்டிக்கொள்ளலாம். பஸ்ஸில் ஏறியதும் டிரைவரிடம் இறங்கும் இடத்தைச் சொல்ல வேண்டும், தூரத்தைப் பொறுத்து அவர் கட்டணத்தைப் போட்ட பிறகு கார்டைக் காட்ட வேண்டும். இதைத் தெரியாமல் நேராகக் கார்டை நீட்டினால் பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

உச்சரிப்பு ஒன்று. மற்ற ஸ்பானிய நாடுகளில் 'ய' என்று ஒலிப்பதை இங்கே 'ஷ' என்பார்கள். மாயோ என்றால் புரியாமல் இல்லை, ஆனால் அவர்கள் வாயில் அது மாஷோ. தெருவைக் குறிக்கும் சொல் காஷே, கோழி என்றால் போஷோ. சைவமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கோழி முக்கியம், ஏனென்றால் அங்கே 'கார்னே' என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கார்னே வேண்டாம் என்று மட்டும் சொன்னால் பன்றித் துண்டு போட்ட சாண்ட்விச் புன்னகையோடு வந்து சேரும். "நோ கோமோ கார்னே, நி போஷோ, நி பெஸ்காதோ, நி ஹமோன்" என்று நாலையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

வியாழன் மதியம், பிளாசா தெ மாஷோ

மூன்றரை மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்பதால் ஒன்றரைக்கே போய்விடுவது நல்லது. ஊர் பிறந்த சதுக்கம் இதுதான், சுற்றி நிற்கும் கட்டடங்களை ஒரு வட்டம் பார்த்துவிடலாம். கிழக்கே இளஞ்சிவப்பு நிறத்தில் ஜனாதிபதி மாளிகையான காசா ரொசாதா, அதன் பால்கனியிலிருந்துதான் ஜனாதிபதி பெரோனின் மனைவி எவிதா கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். எதிர்ப்பக்கம் ஸ்பானியர் காலத்து நகரசபைக் கட்டடமான கபில்தோ. வடக்கே கதீட்ரல், பன்னிரண்டு தூண்களோடு கிரேக்கக் கோயில் மாதிரி இருக்கும், சர்ச் என்றே தோன்றாது. உள்ளே விடுதலை வீரர் சான் மார்த்தினின் கல்லறை இருக்கிறது, அவர் 1850-ல் பிரான்சில் இறந்தார், உடல் தாய்நாடு வந்து சேர்ந்தது 1880-ல். போப் பிரான்சிஸ் 2013 வரை பேராயராக இருந்தது இந்தக் கதீட்ரலில்தான், அப்போது சுப்தேயில் சாதாரணமாகப் போய் வந்துகொண்டிருந்தார்.

கூட்டம் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். மாளிகைக்குத் தெற்கே இருக்கும் பொருளாதார அமைச்சகக் கட்டடத்தின் கல் சுவரில் குழி குழியாக இருக்கும். 1955 ஜூன் 16 அன்று பெரோனைக் கவிழ்க்க நினைத்த ராணுவத்தின் ஒரு பகுதியினரே விமானங்களிலிருந்து இந்தச் சதுக்கத்தில் குண்டு போட்டார்கள், 300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த வடுக்களை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள்.

மூன்றரைக்கு நடுவில் இருக்கும் வெள்ளை ஸ்தூபி பக்கம் வாருங்கள். தரையில் வெள்ளைத் தலைக்குட்டைகள் வரைந்திருக்கும். 1976 முதல் 1983 வரை நடந்த ராணுவ ஆட்சியில் பிடித்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று கேட்டு 1977 ஏப்ரலில் சில அம்மாக்கள் இங்கே வந்து நின்றார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நடந்துகொண்டே இருங்கள் என்று போலீஸ் விரட்டியது. சரி, நடக்கிறோம் என்று இரண்டிரண்டு பேராக ஸ்தூபியைச் சுற்ற ஆரம்பித்தார்கள். ஒருவரை ஒருவர் அடையாளம் தெரிந்துகொள்ளத் தலையில் கட்டிக்கொண்டது பிள்ளைகளின் பழைய துணி நாப்கின்கள். காணாமல் போனவர்கள் 30,000 பேர் என்கின்றன மனித உரிமை அமைப்புகள். அந்த அம்மாக்களில் மிகச் சிலரே இன்று இருக்கிறார்கள், ஆனாலும் வியாழன்தோறும் நடை நடக்கிறது. நீங்களும் பின்னால் சேர்ந்து நடக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். செல்ஃபி மட்டும் வேண்டாமே. இந்த வரலாறு மேலும் தெரிய வேண்டுமென்றால் நூஞ்யெஸ் பகுதியில் இருக்கும் எஸ்மா மியூசியத்துக்கு ஒரு முழுக் காலை ஒதுக்குங்கள். கடற்படைப் பள்ளியாக இருந்து ரகசியச் சிறையான கட்டடம் அது, 2023-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அன்றைக்கு வேறு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள், மனசு கேட்காது.

நடை முடிந்ததும் அவெனிதா தெ மாஷோவில் மேற்கே நடந்தால் காங்கிரஸ் கட்டடம் வரை ஒரே நேர்கோடு. வழியில் 1858-லிருந்து நடக்கும் கஃபே தொர்தோனி. வாசலில் வரிசை நீளமாக இருந்தால் விட்டுவிடுங்கள், அதே காபி, அதே மெதியலூனா ரொட்டி ஊரெங்கும் இருக்கிறது. அதைவிட பலாசியோ பரோலோவுக்கு வழிகாட்டியோடு போகும் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். 1923-ல் மரியோ பலாந்தி என்ற இத்தாலியர் கட்டியது, இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியத்தைக் கட்டடமாக்கிய மாதிரி கீழே நரகம், நடுவில் கழுவாய் உலகம், மேலே சொர்க்கம். காவியத்தின் நூறு காண்டங்களுக்கு நூறு மீட்டர் உயரம். உச்சியில் ஒரு கலங்கரை விளக்கம், கடலே பக்கத்தில் இல்லாமல்! மாலை வெளிச்சத்தில் மேலே ஏறினால் ஊர் முழுக்கத் தெரியும். திரும்பும்போது ஏ லைன் சுப்தேயில் வாருங்கள், 1913-ல் ஓடத் தொடங்கியது, லத்தீன் அமெரிக்காவின் முதல் மெட்ரோ. மரப் பெட்டிகள் 2013 ஜனவரியில்தான் ஓய்வு பெற்றன. பெரு ஸ்டேஷனில் பழைய காலத் தோற்றத்தை வைத்திருக்கிறார்கள், அங்கே ஒரு நிமிடம் இறங்கிப் பாருங்கள்.

ஞாயிறு, சான் தெல்மோ

இதற்கு ஒரு நாள் முழுக்க வேண்டும். பத்து மணிக்கெல்லாம் பிளாசா தெ மாஷோவிலிருந்து தெஃபென்சா தெருவில் தெற்கே நடக்க ஆரம்பியுங்கள், வண்டிகள் இல்லாத தெருவில் இரண்டு பக்கமும் கடை. சிலீ தெரு முனையில் பெஞ்சில் மஃபால்டா உட்கார்ந்திருப்பாள், அந்த ஊரின் செல்லக் கார்ட்டூன் சிறுமி, பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுக்க ஒரு வரிசை. கொஞ்சம் தள்ளி சான் லொரென்சோ சந்தில் காசா மினிமா என்று சுமார் இரண்டரை மீட்டர் அகலமே உள்ள வீடு. அதையும் பார்த்துவிட்டு பிளாசா தொர்ரேகோ வந்து சேர்ந்தால் பழம்பொருள் சந்தையின் நடு. 1970-ல் ஆரம்பித்த சந்தை இது. சதுக்கத்துக்குள் இருப்பவைதான் உண்மையான பழம்பொருட்கள், தெருவில் விற்பதில் பாதி நினைவுப் பொருள் ரகம். பேரம் பேசலாம், மென்மையாக.

இந்தப் பெரிய பெரிய வீடுகளில் ஏன் இத்தனை கதவு, ஏன் இவ்வளவு நீளமான முற்றம் என்று பார்க்கும்போதே தோன்றும். ஒரு காலத்தில் ஊரின் பணக்காரர்கள் இருந்த பேட்டை இது. 1871-ல் மஞ்சள் காய்ச்சல் வந்து சுமார் 14,000 பேரைக் கொண்டுபோனது, வசதி உள்ளவர்கள் எல்லாம் வடக்கே ரெகோலேத்தா பக்கம் மேட்டுக்கு ஓடிப்போனார்கள். காலியான மாளிகைகளை அறை அறையாகப் பிரித்துக் கப்பலில் வந்திறங்கிய இத்தாலியர்களுக்கும் ஸ்பானியர்களுக்கும் வாடகைக்கு விட்டார்கள், ஒரு அறைக்கு ஒரு குடும்பம், முற்றத்தில் பொதுக் குழாய். கொன்வென்தீஷோ என்பார்கள், ஒண்டுக்குடித்தனம் என்றால் நமக்குப் புரியும். டாங்கோ வளர்ந்தது இப்படிப்பட்ட முற்றங்களிலும் துறைமுகச் சந்துகளிலும்தான். வடக்கும் தெற்கும் இன்றைக்கும் இரண்டு ஊர் மாதிரி இருப்பதற்கு அந்தக் காய்ச்சலில் ஒரு பங்கு உண்டு, இதைத் தெரிந்துகொண்டு சுற்றினால் பார்ப்பதெல்லாம் வேறு மாதிரி தெரியும்.

பசித்தால் 1897-ல் கட்டிய இரும்புக்கூரை மார்க்கெட்டுக்குள் போங்கள், எம்பனாதா என்கிற சோமாசி மாதிரிப் பலகாரம் கிடைக்கும், சோளம் வைத்தது உமிதா, சீஸ் வெங்காயம் வைத்ததும் உண்டு. முடிந்தால் மாலை வரை இருந்துவிடுங்கள். கடைகளைக் கட்டும் நேரத்தில் தெஃபென்சாவில் மேளச் சத்தம் கேட்கும், கந்தோம்பே. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் தாளம் அது, பெரும்பாலான பயணிகள் அதற்குள் கிளம்பிப் போயிருப்பார்கள்.

இரண்டாவது ஞாயிறு இருந்தால் மத்தாதேரோஸ். தென்மேற்கு ஓரத்தில் இருக்கும் பழைய இறைச்சி வெட்டும் பேட்டை, 126-ம் எண் பஸ்ஸில் நீளமான பயணம். கௌச்சோக்கள், அதாவது மாடு மேய்க்கும் குதிரைக்காரர்கள், குதிரையை முழு வேகத்தில் விரட்டி, தொங்கும் சின்ன வளையத்தைக் குச்சியால் கோத்து எடுப்பார்கள். நடுத்தெருவில் கைக்குட்டை ஆட்டிக் கிராமிய நடனம், ஆடுகிறவர்கள் அந்தப் பேட்டைக்காரர்கள். கோடையில் சந்தையின் நேரம் மாறும், போகும் வாரம் விசாரித்துவிட்டுப் போங்கள்.

லா போகா

வார நாள், காலை பத்து பதினொன்று. 29, 64, 152 எண் பஸ்கள் போகும். காமினிட்டோ ஒரு குட்டித் தெரு, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கப்பலுக்கு அடித்து மிஞ்சிய பெயின்டைத் தகர வீடுகளுக்கு அடித்தார்கள், ஒரு நிறம் போதாமல் பல நிறமானது என்று கதை சொல்வார்கள். கைவிட்ட ரயில் பாதையாகக் கிடந்த இந்தக் குட்டித் தெருவை 1959-ல் திறந்தவெளி மியூசியமாக்கியது பெனிதோ கின்கேலா மார்த்தின் என்ற ஓவியர். அனாதை இல்லத்தில் விடப்பட்ட குழந்தை, கரி விற்கும் குடும்பம் எடுத்து வளர்த்தது, துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். பணம் வந்ததும் அந்தப் பேட்டைக்கே பள்ளிக்கூடமும் மியூசியமும் கொடுத்தார். தன் சவப்பெட்டிக்கும் தானே வண்ணம் தீட்டி வைத்திருந்தார். அவருடைய மியூசியம் காமினிட்டோவிலிருந்து இரண்டு நிமிட நடை, மேல்தளத்திலிருந்து துறைமுகம் தெரியும். தெருவில் உங்கள் தலையில் தொப்பியை மாட்டிப் படம் எடுத்துக் காசு கேட்பவர்களைக் கடந்து நேரே அங்கே போய்விடுங்கள்.

நாலு பிளாக் தாண்டினால் பொம்போனேரா மைதானம், 1940-ல் திறந்தது. உள்ளே மியூசியம் இருக்கிறது, கால்பந்து பிடிக்காதவர்களும் செங்குத்தான கேலரிகளைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். ஆட்ட நாளில் தெருவில் டிக்கெட் விற்பவர்களிடம் வாங்கவே வேண்டாம். இந்த இரண்டு இடத்துக்கும் நடுவே உள்ள தெருக்களைத் தவிர வேறு பக்கம் திரும்பாதீர்கள், இருட்டுவதற்கு முன் கிளம்பிவிடுங்கள். இதில் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை.

திருட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். மைய நகரத்தில் ஒரு நாள் முதுகில் ஏதோ பச்சையாகக் கொழகொழவென்று விழுந்தது, நாற்றம் வேறு. உடனே அன்பே உருவான ஒரு அம்மா டிஷ்யூவோடு ஓடி வந்தார், "பறவை, பறவை" என்று மேலே காட்டினார். நானும் மேலே பார்த்துக்கொண்டு நின்றேன். பையில் இருந்த கேமரா போய்விட்டது. அப்படி ஏதாவது விழுந்தால் துடைக்க யாரையும் விடாமல் நேராக ஒரு கடைக்குள் நுழைந்துவிடுங்கள். போனைச் சாலையோரமாகக் கையில் நீட்டிக்கொண்டு நடக்காதீர்கள், பைக்கில் வந்து பறித்துப் போவார்கள்.

ரெகோலேத்தா, கொஞ்சம் பலெர்மோ

ரெகோலேத்தாவுக்கு சனிக்கிழமை போங்கள், கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே கைவினைச் சந்தை நடக்கும். எச் லைனில் ஃபகுல்தாத் தெ தெரேச்சோ ஸ்டேஷனில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது உலோகத்தால் செய்த பெரிய பூ, 2002-ல் வைத்தது, 23 மீட்டர் உயரம். கல்லறைத் தோட்டம் 1822-ல் திறந்தது. காய்ச்சலுக்குப் பயந்து வந்த குடும்பங்கள் செத்த பிறகும் தெற்கே திரும்பவில்லை, தெருத் தெருவாகப் பளிங்கு வீடுகள் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டன. எவிதாவின் கல்லறையைத் தேடி எல்லோரும் பெரிய மண்டபமாகப் பார்ப்பார்கள், அது குறுகிய சந்தில் கறுப்புக் கல்லில் துவார்த்தே குடும்பம் என்ற பெயரில் இருக்கிறது, கம்பியில் பூ செருகியிருக்கும். 1952-ல் இறந்தவரின் உடலை 1955-க்குப் பிறகு ராணுவம் மறைத்து, மிலானில் வேறு பெயரில் புதைத்து, பிறகு மாத்ரிதில் பெரோனிடம் கொடுத்து, கடைசியில் 1976-ல்தான் இங்கே வந்து சேர்ந்தது.

வெளியே வந்ததும் லா பியேலா காபிக் கடைக்கு முன்னால் ஒரு மரம் இருக்கிறது. இரண்டு நூற்றாண்டுக்கும் மேற்பட்டது, ஆலமரத்தின் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம், கிளைகளைத் தாங்க ஆள் வேண்டும் என்று ஒரு உலோக அட்லஸ் சிலையை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். அதன் அடியில் உட்கார்ந்து எழுந்தால் அன்றைக்கு வேறு எதுவும் பார்க்கத் தோன்றாது. தோன்றினால் சாந்தா ஃபே அவெனிதாவில் எல் அத்தேனேயோ. 1919-ல் திறந்த நாடக அரங்கம், இப்போது புத்தகக் கடை, மேடையில் காபி.

பலெர்மோவை எல்லோரும் புகழ்வார்கள். எனக்கு அங்கே சோஹோ என்கிற பகுதியின் கடைகள் எந்தப் பெருநகரத்திலும் இருக்கிற மாதிரிதான் தெரிந்தன. டி லைனில் பிளாசா இத்தாலியா இறங்கி ரோஜாத் தோட்டம், எவிதா மியூசியம், பிறகு மலபாவில் தார்சிலா தொ அமராலின் அபபோரு ஓவியம், இந்த மூன்றோடு நான் முடித்துக்கொள்வேன்.

ராத்திரி

இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு முன் கேட்டால் வெயிட்டர் பரிதாபமாகப் பார்ப்பார். கொரியந்தெஸ் அவெனிதாவுக்குப் போங்கள், நாடக அரங்குகள், நள்ளிரவு வரை திறந்திருக்கும் புத்தகக் கடைகள், 1932-லிருந்து நடக்கும் குவெர்ரின் பீட்சாக் கடை. உட்கார வேண்டாம், உள்ளூர்க்காரர்கள் மாதிரி கவுன்டரில் நின்று ஒரு துண்டு ஃபுகசேத்தா என்கிற வெங்காய சீஸ் பீட்சா, அதன் மேல் ஒரு துண்டு ஃபைனா. கொண்டைக்கடலை மாவில் செய்தது, ஜெனோவாக்காரர்கள் கொண்டுவந்தது. பக்கத்திலேயே ஒபெலிஸ்கோ என்கிற நினைவுத்தூண், 67.5 மீட்டர், 1936-ல் சில வாரங்களிலேயே கட்டி முடித்தார்கள். 1908-ல் திறந்த ஆப்பரா அரங்கமான தெயாத்ரோ கொலோனும் நடக்கும் தூரம். பகலில் சுற்றிக் காட்டுவார்கள், ஆனால் உச்சி மாடியில் நின்று பார்க்கும் மலிவு டிக்கெட் கிடைத்தால் ஒரு நிகழ்ச்சியே பார்த்துவிடுங்கள். அதற்குப் பெயர் பரைசோ, சொர்க்கம். கால் வலிக்கும், ஒலி அற்புதம்.

டாங்கோவுக்கு சாப்பாட்டோடு சேர்த்து விற்கும் ஷோக்களை விட மிலோங்கா போவதுதான் என் கட்சி. ஊர்க்காரர்கள் ஆடும் இடம், பதினொன்றுக்கு மேல்தான் களைகட்டும். அல்மாக்ரோவில் லா கதெத்ரால் பழைய கிடங்கு மாதிரி இருக்கும், தரை ஒழுங்காக இருக்காது, புதியவர்களுக்கு ஏற்ற இடம், சமையலும் சைவம். பல இடங்களில் ஆட்டத்துக்கு முன் வகுப்பு நடக்கும், அதில் சேர்ந்துவிட்டால் கூச்சம் போய்விடும். ஆடக் கூப்பிடுவது வாயால் இல்லை, கண்ணால். தூரத்திலிருந்து பார்த்து லேசாகத் தலையசைப்பார்கள், கபெசேயோ. விருப்பமில்லை என்றால் பார்வையைத் திருப்பிக்கொண்டால் போதும், யாருக்கும் அவமானமில்லை. மூன்று நாலு பாட்டு சேர்ந்து ஒரு தாந்தா, அது முடிந்ததும் வேறு இசை கொஞ்சம் ஒலிக்கும், எல்லோரும் இடத்துக்குத் திரும்புவார்கள். முதல் பாட்டு முடிந்ததும் மரியாதைக்காக "கிராசியாஸ்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். போதும், இதோடு நிறுத்திக்கொள்வோம் என்று அதற்கு அர்த்தம், எதிரில் நின்ற பாட்டி முகம் வாடிப்போய் இடத்துக்குத் திரும்பிவிட்டார், மன்னிப்புக் கேட்பதற்குள் அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது.

வெளியே வரும்போது சுப்தே மூடியிருக்கும், கொலெக்திவோ விடிய விடிய ஓடும். சூபே கார்டில் காசு இருக்கிறதா என்று சாயங்காலமே பார்த்து வையுங்கள்.